சொன்ன தேதி ஆண்டு

தையல்காரர் "வெள்ளிக்கிழமை வாங்க" என்று சொன்னால், எந்த வெள்ளிக்கிழமை என்று கேட்காமல் இருப்பதுதான் அந்த ஊரில் நாகரிகம். அதற்கென்று ஒரு நடைமுறை இருந்தது. சொன்ன தேதியில் போவது, கொடுத்த துணி இன்னும் அங்கேதான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வர. அடுத்த வாரம் போவது முகத்தைக் காட்ட. அதற்கப்புறம் கோபத்தோடு ஒருமுறை. வீட்டில் வாய் நீளமான யாரையாவது கூட்டிக்கொண்டு இன்னொருமுறை. ஐந்தாவது நடையில் "இப்பதான் உங்களை நினைச்சேன், ஆயுசு நூறு" என்று வரவேற்பு கிடைக்கும். சட்டைக்குப் பித்தான் மட்டும் பாக்கி இருக்கும். நாற்பது வருடமாக இந்த ஏற்பாட்டில் யாருக்கும் மனத்தாங்கல் கிடையாது. கல்யாணத்துக்குக் கோட்டு வேண்டும் என்கிறவன், பெண் சம்மதிப்பதற்கு முன்பே துணியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவான்.

இதைத்தான் திருத்தப்போகிறேன் என்று புதிய தலைவர் கிளம்பினார்.

தையல் கலைஞர் சங்கத்தின் கூடம், நூலும் பித்தானும் விற்கிற கடையின் மாடியில் இருந்தது. அறுபது உறுப்பினர்கள், நாற்பத்திரண்டு நாற்காலிகள். புத்தாண்டின் முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கே தலைவரின் பதவியேற்பு உரை நடந்தது. இரண்டே ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தவர். ஆனாலும் அவர் கையை உயர்த்திய விதத்தைப் பார்த்தவர்கள் ஏதோ நாட்டைப் பிடித்துவிட்டார் என்றுதான் நினைத்திருப்பார்கள். நல்ல தையல்காரர்தான். மிஷினில் உட்கார்ந்தால் தலை நிமிராமல் எட்டு மணி நேரம் உட்காருவார். என்ன செய்ய, அவருக்குள் ஒரு மைக் இருந்தது. பதவி கிடைத்ததும் யாரோ அதன் பொத்தானைத் தட்டிவிட்டார்கள்.

"சொந்தங்களே! உலகம் நம்மைப் பார்த்து ஏன் சிரிக்கிறது?"

"பேச்சை முடிக்கறதுக்கு ஒரு தேதி சொல்லுங்க தலைவரே," என்றது பின்வரிசை.

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். குரல் யாருடையது என்று அவருக்குத் தெரியும். தோற்றுப்போன பழைய தலைவர். ஒன்பது வருடம் அந்த நாற்காலியில் இருந்தவர். எந்தக் கோட்டாக இருந்தாலும் இரண்டாவது முறை போட்டுப் பார்க்க வரச்சொல்லுவார் என்பதால் ஊர் அவருக்கு 'ரெண்டாம் ட்ரையல்' என்று பெயர் வைத்திருந்தது. தலைவரைவிட எட்டு வயது மூத்தவர். அதனால் தலைவர் எவ்வளவு கோபம் வந்தாலும் 'அண்ணே' போட்டுத்தான் கோபப்படுவார்.

"அண்ணே, நல்ல கேள்வி. அதுக்குத்தான் வரேன். இந்த ஆண்டை நம் சங்கம் 'சொன்ன தேதி ஆண்டு' என்று அறிவிக்கிறது. ஒவ்வொரு கடையிலும் பலகை வைப்போம். ஒவ்வொரு துணிக்கும் தேதி போட்ட ரசீது கொடுப்போம். சொன்ன நாளில் துணி வாடிக்கையாளர் கையில் இருக்கும்!"

கைதட்டல் இல்லை. நாற்பத்திரண்டு நாற்காலிகளும் கிரீச்சென்றன.

அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. கைதட்டல் வராத இடத்தில் இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பேசினால் வரும் என்று நம்புகிறவர் அவர்.

"இதோ சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்! என் கடையில் ஒரே ஒரு துணி, ஒரே ஒரு துணி தேதி தவறினால், அன்றைக்கே இந்த நாற்காலியை விட்டு இறங்கிவிடுவேன்!"

இதற்குக் கைதட்டல் பலமாக வந்தது. ரெண்டாம் ட்ரையல் எழுந்து நின்றே தட்டினார்.

"எழுதிக்கிட்டியாப்பா?" என்று செயலாளரைக் கேட்டார். "ஒரே ஒரு துணின்னு ரெண்டு தடவை சொன்னாரு. ரெண்டையும் எழுது."

தலைவரின் கடையும் வீடும் ஒரே கூரையின் கீழ். முன்னால் கடை, நடுவில் ஒரு திரை, பின்னால் வீடு. திரைக்கு அந்தப்பக்கம் அடுப்பு, இந்தப்பக்கம் இஸ்திரிப் பெட்டி. இரண்டின் சூடும் சேர்ந்து குளிர்காலத்தில் சுகமாகவும் மற்ற மாதங்களில் தண்டனையாகவும் இருக்கும். கடையில் இரண்டு பேர்தான் வேலை. வெட்டும் தையலும் அவர். காஜாவும் பித்தானும் மனைவி. பித்தான் துளையைச் சுற்றி அவள் போடுகிற காஜாவைப் பக்கத்து ஊர்க் கடைக்காரர்கள்கூட உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். கோட்டுக்குக் காஜா போடும்போது அவள் பேசமாட்டாள், மூச்சும் அரைமூச்சுதான்.

இன்னொரு வேலையும் அவளுக்கு உண்டு. அவர் நாடாவைப் பிடித்து "மார்பு முப்பத்தெட்டு, இடுப்பு நாற்பது" என்று உரக்கச் சொல்லச் சொல்ல, அவள் அளவுப் புத்தகத்தில் எழுதுவாள். இருபத்துமூன்று வருடமாக ஊரின் வயிறு பெருத்த வரலாறு முழுக்க அவள் கையெழுத்தில்தான் இருந்தது.

பதவியேற்புக் கூட்டம் முடிந்து வந்தவரிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"நாற்காலியை விட்டு இறங்கறேன்னு சொன்னீங்களாமே?"

"அது ஒரு பேச்சும்மா. தலைமைன்னா ஒரு துணிச்சல் வேணும்."

"தலைமைக்கு வேணும். பித்தானுக்கு ஆள் நான் ஒருத்திதானே?"

ஜனவரி போய் பிப்ரவரி வந்தது. மழையும் வந்தது. செயற்குழு கூடியபோது கூரையின் ஒழுகலுக்கு வாளி வைத்துவிட்டு, வாளியைச் சுற்றித் தலைவரும் மற்ற ஏழு பேரும் உட்கார்ந்தார்கள். செயலாளர் பள்ளிச் சீருடை மட்டுமே தைக்கிறவர். அதனால் எந்த விஷயத்தையும் ஒரே அளவில்தான் சொல்லுவார்.

"திட்டம் நடக்குது தலைவரே. அதுதான் பிரச்சனை."

"விளக்கமா சொல்லுங்க."

"பன்னெண்டாம் தேதின்னு ரசீது எழுதிக் குடுத்தா, எந்த மாசம்னு கேக்கறாங்க. இந்த மாசம்தான்னு சொன்னா சிரிச்சுட்டுப் போறாங்க. பன்னெண்டாம் தேதி நான் தைச்சு மடிச்சு வெச்சா, ஆள் வர்றது அடுத்த மாசம்தான். கடைல நிக்க இடமில்லை. நூத்திப்பத்து கால்சட்டை தொங்குது. என் பொண்டாட்டி சாப்பாடு கொண்டுவந்தா, கால்சட்டைக்கு நடுவுல கையை மட்டும் நீட்டறா."

"என் கடையில அதைவிட மோசம்," என்றார் ஒரு பேன்ட்காரர். "தபால்காரர் வந்தாரு. பேன்ட் ரெடின்னு எடுத்து நீட்டினேன். முகம் வெளுத்துப்போச்சு. 'ஏன், ஏதாவது தப்பாயிடுச்சா'ன்னு கேக்கறாரு. இல்லீங்க, சொன்ன தேதிங்கன்னேன். 'இது என்னுது இல்லை, என்னுது இவ்வளவு சீக்கிரம் ஆகாது'ன்னு வெச்சுட்டுப் போயிட்டாரு."

"முன்னெல்லாம் அஞ்சு நடை வருவாங்க," என்று மூன்றாமவர் பெருமூச்சு விட்டார். "வர்றப்போ ஒருதரம் மச்சானைக் கூட்டிட்டு வருவாங்க, மச்சான் ஒரு சட்டைத்துணி குடுத்துட்டுப் போவான். இப்போ ஒரே நடை. மச்சான் வர்றதே இல்லை."

தலைவர் தொண்டையைச் செருமினார். "மாற்றம்னா ஆரம்பத்துல வலி இருக்கும். அண்ணன் கடையில எப்படிப் போகுது?"

ரெண்டாம் ட்ரையல் மிகவும் பணிவாகச் சொன்னார். "உங்க புண்ணியத்துல பிரமாதம். எல்லா ரசீதுலயும் டிசம்பர் முப்பத்தொண்ணுன்னு எழுதறேன்."

"அண்ணே!"

"அதுக்கு முன்னாடி குடுக்கக்கூடாதுன்னு தீர்மானம் இருக்கா? அஞ்சாவது நடையில குடுத்துடறேன். ஜனங்க சந்தோஷமா வாங்கிட்டுப் போறாங்க, பத்து மாசம் முந்தியே குடுத்துட்டீங்களேன்னு. தபால்காரர்கூட புதுப் பேன்ட்துணி என்கிட்டதான் குடுத்திருக்காரு."

தலைவர் அரைமணி நேரம் பதில் சொன்னார். அந்த அரைமணி நேரத்தில் வாளி நிறைந்துவிட்டது என்பதைத்தான் செயலாளர் குறிப்பேட்டில் எழுதினார்.

இது நடந்து நான்காம் நாள், தலைவரின் மனைவி திரைக்குப் பின்னாலிருந்து வரவில்லை. தெருவில் இறங்கிச் சுற்றிக்கொண்டு, வாசல் வழியாகக் கடைக்குள் வந்தாள். கையில் ஒரு துணிப்பொட்டலம். முன்னால் ரெண்டாம் ட்ரையல் நின்றிருந்தார். கறுப்புப் பட்டுநூல் தீர்ந்துபோய்க் கடன் கேட்க வந்தவர். அவள் அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றாள்.

"என்ன அங்க நிக்கறே?" என்றார் தலைவர்.

"முன்னால ஆள் இருக்காங்களே."

ரெண்டாம் ட்ரையல் ஒதுங்கிக்கொண்டார். அப்படி ஒதுங்கினாரே தவிர, வெளியே போகவில்லை. அவள் பொட்டலத்தைப் பிரித்து வெட்டு மேசையில் வைத்தாள். அடர்பச்சைக் கம்பளித் துணி. மடிப்பு ஓரங்கள் வெளுத்திருந்தன. அவளுடைய அக்கா வாங்கிக் கொடுத்து ஆறு வருடம். ஆறு வருடமும் அது 'அடுத்த வாரம்' வெட்டப்படுவதாகவே இருந்தது.

"கோட்டு தைக்கணும். ரசீது குடுங்க."

"வீட்டு ஆளுக்கு எதுக்கும்மா ரசீது?"

"வீட்டு ஆளுக்குத்தான் வேணும். வெளி ஆளுங்களுக்கு நீங்க ரசீது இல்லாட்டியும் தைச்சுடுவீங்க." சற்று நிறுத்தினாள். "பொண்ணு பட்டம் வாங்கறா, மார்ச் பத்தொன்பது. பதினெட்டு காலைல பதினோரு மணி ரயில். அங்க எல்லா அம்மாவும் கோட்டு போட்டுட்டு வருவாங்களாம், குளிர் அப்படியாம். பொண்ணு எதுவும் சொல்லலை. 'நீ எதைப் போட்டாலும் சரிம்மா'ன்னு மட்டும் சொன்னா. அப்படிச் சொன்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும்."

மகள் வெளியூரில் கால்நடை மருத்துவம் படித்து முடித்திருந்தாள். அந்தக் குடும்பத்தில் நாடா, கத்தரி தவிர வேறொன்றைக் கையில் பிடித்துப் பிழைக்கப்போகிற முதல் ஆள்.

"இவ்வளவுதானே? ஜமாய்ச்சுடலாம்," என்று தலைவர் ரசீதை எழுதினார். எழுதும்போது, கடையில் இன்னொருவர் இருக்கிறார் என்பது அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. உள்ளே இருந்த மைக்கும் தானாகப் போட்டுக்கொண்டது. "மார்ச் பதினெட்டு. காலை ஒன்பது மணி! மணிகூடப் போட்டிருக்கேன் பாருங்க அண்ணே. சொந்த வீடு, அடுத்த வீடுன்னு சட்டத்துல பேதம் கிடையாது!"

"அருமை," என்றார் ரெண்டாம் ட்ரையல். பட்டுநூலை வாங்கிக்கொள்ள மறந்து போய்விட்டார். சாயங்காலத்துக்குள் அறுபது உறுப்பினர்களுக்கும் அந்த மணி தெரிந்திருந்தது.

அதன்பிறகு பச்சைத் துணி ஊர்வலம் கிளம்பியது. வெட்டு மேசையிலிருந்து அலமாரிக்கு, அலமாரியிலிருந்து மிஷின் பக்கத்து முக்காலிக்கு, பள்ளித் தாளாளரின் கோட்டு வந்ததும் முக்காலியிலிருந்து மறுபடி அலமாரிக்கு. தலைவருக்கு மூச்சுவிட நேரமில்லை. பக்கத்து ஊர்ச் சங்கத்தில் 'நேரமும் நூலும்' என்று பேசப் போனார். பேசிவிட்டு வந்து, அங்கே என்ன பேசினேன் என்று இங்கே பேசினார். மாவட்டத் துணி வியாபாரிகளுக்குக் கடிதம் எழுதினார். இடையில் வாடிக்கையாளர் துணிகளை முகம் சுளிக்காமல் தைத்தார். ஒன்றுகூடத் தேதி தவறவில்லை. அந்த விஷயத்தில் மனிதர் பொய் சொல்லவில்லை.

மனைவி எதுவும் கேட்கவில்லை. தாளாளரின் கோட்டுக்குக் காஜா போட்டாள். வங்கி மேலாளரின் கோட்டுக்குப் போட்டாள். ஒவ்வொன்றையும் முடித்து மடித்து வைக்கும்போது அலமாரியை ஒரு பார்வை பார்ப்பாள். அவ்வளவுதான். அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அவர் அன்றைக்கே வெட்டியிருப்பார். ரசீது வைத்திருக்கிற ஆள் ஏன் திட்டவேண்டும்?

மார்ச் பதினாறு, மத்தியானம். அவள் காய்கறி வாங்கப் போயிருந்தாள். தலைவர் கடைக்கதவைச் சாத்தி, துணியை மேசையில் விரித்து, கோடு போடுகிற சாக்கட்டியைக் கையில் எடுத்தார். அப்போதுதான் அளவு இல்லை என்று உறைத்தது.

அளவுப் புத்தகத்தைப் புரட்டினார். தபால்காரர் இருந்தார். ரெண்டாம் ட்ரையலின் சம்பந்திகூட இருந்தார். எழுதியவள் மட்டும் இல்லை. கடைசியாக அவளுக்கு அவர் நாடா வைத்தது கல்யாணத்துக்கு முந்தைய வாரம். அந்த எண்கள் மட்டும் மனப்பாடமாக இருந்தன. எந்தப் புருஷனுக்குத்தான் இருக்காது? அதற்கப்புறம் இருபத்துமூன்று வருடம், ஒரு பிரசவம், தினமும் பத்து மணி நேரம் உட்கார்ந்து காஜா.

வந்ததும் கூப்பிட்டு அளவெடுத்திருக்கலாம். ஐந்து நிமிட வேலை. ஆனால் இன்றைக்கு அளவெடுத்தால், இன்றைக்குவரை வெட்டவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிடும். சொன்ன தேதி ஆண்டின் தலைவர், தேதிக்கு இரண்டு நாள் முன்னால் நாடாவோடு நிற்பதா? பலகை வைத்த சுவருக்குக் கீழேயே நின்றுகொண்டு அவர் அந்தப் பழைய எண்களை வைத்துத் துணியை வெட்டினார். போனால் போகிறதென்று ஒரு அரை அங்குலம் சேர்த்துக்கொண்டார். வாழ்க்கை அரை அங்குலம்தான் நகர்ந்திருக்கிறது என்று எண்ணம்.

பதினேழாம் தேதி முழுக்க, 'சங்கப் பணி' என்று ஒரு சீட்டைக் கதவில் ஒட்டி, திரையையும் இழுத்துவிட்டுத் தைத்தார். உள்துணி கொடுத்தார், காலர் உட்காரவைத்தார். காஜாவுக்கு வந்ததும் கை நின்றது. அதை அவளிடம் கொடுக்கமுடியாது. இருபது வருடத்துக்குப் பிறகு, தானே ஊசியை எடுத்து நான்கு காஜா போட்டார். முடித்துப் பார்த்தபோது பூச்சி கடித்துத் தடித்த மாதிரி இருந்தது. இஸ்திரிப் பெட்டியால் நாலு தடவை அழுத்தினார். அழுத்தின பூச்சிக்கடி மாதிரி ஆனது.

பதினெட்டாம் தேதி காலை எட்டரைக்கே செயற்குழு வந்துவிட்டது. தற்செயலாக இந்தப் பக்கம் வந்ததாக ஏழு பேரும் தனித்தனியாகச் சொன்னார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. ஏழு குடைகள் வாசலில் வாய்பிளந்து கிடந்தன. ரெண்டாம் ட்ரையல் சவரம் செய்துகொண்டு வந்திருந்தார்.

ஒன்பது அடிக்க ஒரு நிமிடம். அவள் தெரு வழியாகத்தான் வந்தாள். கையில் பயணப்பை, மறுகையில் ரசீது.

தலைவர் கோட்டை உதறி, தோள் இரண்டையும் பிடித்து விரித்துக் காட்டினார். "சொன்ன தேதி! சொன்ன மணி!"

ஒருவர் தட்டினார். மற்றவர்கள் ரெண்டாம் ட்ரையலைப் பார்த்துவிட்டுத் தட்டவில்லை. அவள் கோட்டைப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு எட்டிப்பார்த்தது. ஆறு வருடம் காத்திருந்தது அவ்வளவு சுலபமாக வெளியே வராது, இருந்தும் கொஞ்சம் வந்தது.

"நல்லா இருக்குங்க," என்றாள் மெதுவாக.

கையை நுழைத்தாள். வலது கை போயிற்று. இடது கை போவதற்குக் கொஞ்சம் யோசித்தது. முன்பக்கத்தை இழுத்துச் சேர்த்தாள். சேரவில்லை. மூச்சை உள்ளே இழுத்தாள். அப்போதும் பித்தானுக்கும் காஜாவுக்கும் நடுவே நாலு விரல்.

கடையில் இருந்த ஏழு பேரும் தையல்காரர்கள். தூரத்தில் நடந்துபோகிற ஆளின் இடுப்பைக் கண்ணாலேயே அளக்கிறவர்கள். யாரும் எதையும் சொல்லவேண்டியிருக்கவில்லை. செயலாளர் கூரையைப் பார்த்தார்.

"எந்த அளவுக்கு வெட்டினீங்க?" என்றாள்.

தலைவர் வாயைத் திறந்தார். மைக் வேலை செய்யவில்லை. "அது… நம்ம கல்யாணத்து அளவு. அரை அங்குலம் சேர்த்து."

"அரை அங்குலம்."

"ம்."

"தாளாளர் வருஷம் ரெண்டு அங்குலம் பெருக்கறாரு. ஒவ்வொரு தடவையும் அளவெடுத்தீங்க. நான்தான் எழுதினேன்." சத்தம் உயரவில்லை. "நான் இங்க, இந்த முக்காலியிலதானே உட்கார்ந்திருந்தேன்? எழுந்து நில்லுன்னு சொல்லியிருந்தா நின்னிருப்பேனே."

கோட்டைக் கழற்ற ஆரம்பித்தாள். "பரவாயில்லை. பழைய சால்வையைப் போத்திக்கறேன். பொண்ணு எதைப் போட்டாலும் சரின்னுதான் சொல்லியிருக்கா."

ரெண்டாம் ட்ரையல் தொண்டையைச் செருமினார். அவர் இதற்காகத்தான் சவரம் செய்துகொண்டு வந்திருந்தார். வீட்டில் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்த ஒரு வாக்கியமும் வைத்திருந்தார். ஆனால் அவர் வாயிலிருந்து வந்தது வேறு.

"அதைக் குடு தங்கச்சி." கோட்டை வாங்கி உள்பக்கம் திருப்பி, விலாத் தையலை விரலால் நீவினார். "உள்ளே ரெண்டு பக்கமும் ஒன்றரை அங்குலம் துணி விட்டிருக்காரு. ரயில் எத்தனை மணிக்கு?"

தலைவருக்கே அது அப்போதுதான் தெரியும். மனிதர்கள் பெருப்பார்கள் என்று கைக்குத் தெரிந்திருக்கிறது, விட்டிருக்கிறது. தலைக்குச் சொல்லவில்லை.

"பதினொண்ணு," என்றார்.

"கடிகாரத்தைப் பார்க்காதீங்க, நேரம் இருக்கு. முதல்ல அளவு எடுங்க தலைவரே."

தலைவர் நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்தார். அவள் கைகளைத் தூக்கி நின்றாள். பழக்கத்தில் அவர் "மார்பு…" என்று உரக்க ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டார். செயலாளர் பேனாவும் அளவுப் புத்தகமுமாக எழுதத் தயாராக நின்றார்.

"வேண்டாம்," என்றார் தலைவர். "நானே வெச்சுக்கறேன்."

அப்போது ஒரு விசித்திரம் நடந்தது. யாரும் சொல்லாமலே ஏழு பேரும் திரும்பித் தெருவைப் பார்த்து நின்றார்கள். மழையைப் பற்றிப் பேசினார்கள். மழை போன வருடத்தைவிட அதிகம் என்று ஒருவர் சொல்ல, இல்லை குறைவு என்று இன்னொருவர் சொல்ல, அவர்களுக்குப் பின்னால் தலைவர் இருபத்துமூன்று வருடத்தையும் ஒவ்வொரு எண்ணாக, உதட்டை மட்டும் அசைத்து எடுத்துக்கொண்டார்.

"ஆச்சா?" என்று கேட்டார் ரெண்டாம் ட்ரையல், திரும்பாமல்.

"ஆச்சு அண்ணே."

அதற்கப்புறம் கடை கடையாக இல்லை. இடது விலாவை ரெண்டாம் ட்ரையல் பிரித்தார், வலது விலாவைத் தலைவர். உள்துணியை இரண்டு பேர் எடுத்துக்கொண்டார்கள். பேன்ட்காரர் பித்தான்களை ஓரத்துக்கு நகர்த்தினார். செயலாளர் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினார். ஒன்றாக உட்கார்ந்து ஒரு தீர்மானத்தைக்கூட நிறைவேற்றமுடியாத சங்கம், ஒரு பெண்பிள்ளையின் கோட்டைச் சுற்றிக் குனிந்து சண்டை போட்டது.

"யாரு இந்த நூலை இவ்வளவு இறுக்கினது?"

"கத்தரி எங்கே? என் கத்தரி!"

"அந்தக் கொசுவத்தைப் பாரு, ஆட்டுக்குட்டி மென்ன மாதிரி!"

"பேசாம தைங்கய்யா."

அவள் முக்காலியில் உட்கார்ந்து, முன்பக்கத்தைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள்.

"இந்தக் காஜாவை யார் போட்டது?"

"நான்தான்," என்றார் தலைவர்.

"தெரியுது." ஊசியில் நூல் கோத்து, அவருடைய பூச்சிக்கடிகளின் மேலேயே ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தாள். மூச்சு அரைமூச்சு.

நடுவில், வாயில் நான்கு குண்டூசியோடு, தலைவர் நிமிர்ந்தார். "இந்தச் சங்கத்தின் முன்னிலையில், நான் சொன்ன சொல்லுக்கு ஏற்ப, தலைவர் பதவியிலிருந்து…"

"குண்டூசியைத் துப்பிட்டுப் பேசுங்க, முழுங்கிடப் போறீங்க," என்றார் ரெண்டாம் ட்ரையல். "பதவி எங்கேயும் போகாது. அந்தக் கைக்குழியைப் பிடிங்க, நழுவுது."

பத்து நாற்பதுக்குச் செயலாளர் கடைசி இஸ்திரி போட்டார். அவள் போட்டுக்கொண்டாள். நான்கு பித்தானும் போட்டாள். மூச்சை இழுக்காமலே. கண்ணாடியின் முன் நின்று இப்படியும் அப்படியும் திரும்பினாள். ஏழு பேரும் அவளைவிட அதிகமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒரு ரெண்டாவது ட்ரையல் பார்த்தா…" என்று ரெண்டாம் ட்ரையல் தொடங்க, ஆறு பேரும் சேர்ந்து அவர் வாயை அடைத்தார்கள்.

தலைவரும் அவளும் மழையில் இரண்டு குடையோடு ஓடினார்கள். கதவு மூடுகிற நேரத்துக்குப் பெட்டியில் ஏறினார்கள். ஜன்னலோரம் அவள், எதிரே அவர். ரயில் கிளம்பி இரண்டு நிலையம் தாண்டியும் அவருக்கு ஒரு கணக்குத் தீரவில்லை. ராஜினாமா செய்துவிட்டோமா, இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை. யாரும் ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை. சொல்லி முடிக்கவே விடவில்லை.

மூன்றாவது நிலையத்தில் அவள் கேட்டாள். "என்ன அப்படிப் பார்க்கறீங்க?"

"ஒண்ணுமில்லை."

"எங்கேயாவது பிடிக்குதா?"

"பிடிக்கலை. நல்லா உட்கார்ந்திருக்கு." இன்னும் பார்த்தார். பார்க்காமல் இருக்க முடியவில்லை. வலது விலாவில், கைக்குக் கீழே, துணி லேசாகச் சுருங்கி நின்றது. மற்றப்பக்கம் ஒரு சுருக்கமில்லாமல், ஊற்றின மாதிரி இறங்கியிருந்தது. யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடலாம். பெட்டியில் வேறு தையல்காரர்களும் இல்லை.

"இடதுபக்கம்," என்றார் கடைசியில். "இடதுபக்கம் ரொம்ப நல்லா இருக்கு."

அவள் குனிந்து பார்த்தாள். கையைத் தூக்கி வலதுபக்கத்தையும் பார்த்தாள்.

"இடதுபக்கம் அண்ணன் தைச்சதுதானே?"

"ம்."

"அவர் நல்ல வேலைக்காரர், இல்லை?"

ரயில் ஒரு பாலத்தைக் கடந்தது. பாலம் முடியும்வரை அவர் சத்தத்தைச் சாக்காக வைத்துக்கொண்டார். பாலம் முடிந்தது.

"நல்ல வேலைக்காரர்தான்," என்றார்.

"அப்போ அடுத்த துணியை அவர்கிட்டயே குடுத்துடறேன்."

"அதெப்படி! ஊர் என்ன பேசும்? சங்கத் தலைவரோட சம்சாரம் வெளியில தைக்கக் குடுக்கறான்னு…"

"பதவியை விட்டுட்டேன்னுதானே சொல்லிக்கிட்டு இருந்தீங்க?"

அவள் கோட்டின் மேல்பித்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டு வசதியாகச் சாய்ந்தாள்.

"யோசிச்சு வைங்க," என்றாள். "பொண்ணு ஸ்டேஷனுக்கு வந்ததும் முதல்ல கேக்கப்போறது, யார் தைச்சதுன்னுதான்."